பவுண் என்று சொன்னவன் நான்

ஒஸ்லோவின் புறநகரான வெஸ்ட்லியில் இருந்து சிவமலர் தொலைபேசியில் அழைத்தபோது நான் கடையில் இருந்தேன். ஒஸ்லோவில் நாணயம் விற்கும் அந்தக் கடையில், தமிழ் வாடிக்கையாளரைப் பிடிக்கவே என்னை வைத்திருந்தார்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நோர்வே மன்னரின் தலை பொறித்த பிறந்தநாள் நினைவு நாணயம் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது.

“அண்ணை, வாற ஞாயிறு மகனுக்குப் பொன்னுருக்கல். உங்களிட்டை வாங்கின பவுணைத்தான் தாலிக்கு உருக்கப்போறம். எங்களுக்கு இருக்க இடம் தந்த ராசா எல்லோ!”

அந்த நாணயத்தில் இரண்டு வகை இருந்தது. ஒன்று முழுத் தங்கம். சிவமலர் வாங்கியது தங்க முலாம் பூசியது. பெட்டியில் ‘ஃபொர்யில்ட்’, அதாவது முலாம் பூசியது, என்று நொர்வேஜிய மொழியில் எழுதியிருக்கும். நொர்வேஜியரிடம் அதைச் சொல்லித்தான் விற்றேன். எங்கள் ஆட்களிடம் மட்டும் ‘பவுண்’ என்றேன். எங்களுக்கு ராசா தலை போட்ட காசும் பவுண்தான், தங்கமும் பவுண்தான். தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன்.

முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“பெட்டியில் எழுதியிருக்கிறதே. நீ பொய் சொல்லவில்லை” என்றார்.

“சொன்னேன். தமிழில் சொன்னேன். வாங்கிய எல்லாரிடமும் இனி உண்மையைச் சொல்லப்போகிறேன்.”

“அப்படியென்றால் நாளை வராதே.”

ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு ட்ரெயின் ஏறி வெஸ்ட்லிக்குப் போய், அது வெறும் முலாம் என்று சிவமலரிடம் சொன்னேன்.

சிவமலர் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப ராசாவும் கவரிங்கோ?” சிரிக்கவில்லை. “நெருப்பிலை போட்டாப் பிறகு, சனத்துக்கு முன்னாலை என்ரை பிள்ளையின்ரை முகம் என்னாகிறது? எழும்புங்கோ. கடைக்குப் போவம். நான் சொல்லுறதிலை ஒரு சொல்லும் குறைக்காமல் அந்தாளுக்குச் சொல்லுங்கோ.”

கடையில் நாணயத்தை மேசையில் வைத்தார். “இதைத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை நகைப் பத்தரை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்து, இந்தக் கடை வாசலிலை வைச்சு உருக்குவன்.”

ஒரு சொல்லும் குறைக்காமல் முதலாளிக்கு நொர்வேஜிய மொழியில் சொன்னேன். “அடுப்பை நான் மூட்டுவேன்” என்று என் பங்குக்கும் சேர்த்துச் சொன்னேன்.

முதலாளி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என்னிடமிருந்த கடைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் இருந்தபடி மற்றவர்களையும் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். சிலர் ஏசினார்கள், கேட்டுக்கொண்டேன். அந்த ஞாயிறு சிவமலர் தன் காப்பு ஒன்றை உருக்கக் கொடுத்தாராம். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாதது சரி.

விற்பனை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பெட்டியில் எழுதியதற்கு முதலாளி பொறுப்பு, உங்கள் வாயால் சொன்னதற்கு நீங்கள்தான். வேலை போனதற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை. சிவமலர் அன்று அழைத்திராவிட்டால் தொடர்ந்து விற்றிருப்பேன். அதற்குத்தான் வருந்துகிறேன்.