மாமாவின் வண்டியில் ஏறாத காலை

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, அப்பாவும் அம்மாவின் தம்பியும் ஜீவனஹள்ளியில் ஆளுக்கொரு ஆட்டோ வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் இரண்டு நடை போவார். அதற்கு யாரும் யாருக்கும் நன்றி சொன்னதாக நினைவில்லை.

பிறகு எங்கள் தெருவுக்கு ஒரு வேன் வந்தது. கதவைச் சாத்தினால் சாரல் அடிக்காது, கட்டணமும் குறைவு. பிள்ளைகள் ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள். மிச்சமிருந்தவர்களைத் தக்கவைக்க அப்பா கட்டணத்தைக் குறைத்தார். மாமா இன்னும் குறைத்தார். இரண்டு பேரும் சவாரிக்காக இருட்டும்வரை ஓட்டிவிட்டு, பேசக்கூடத் தெம்பில்லாமல் வீடு திரும்பினார்கள்.

அந்தச் சமயத்தில் மாமாவின் வண்டி பழுதானது. சரியாகும்வரை அவர் வண்டியில் போகும் பிள்ளைகளையும் அப்பாவே கூட்டிப்போனார். சரியான பிறகும் சில வீட்டுக்காரர்கள் அப்பாவிடமே தங்கிவிட்டார்கள். அப்பா மறுக்கவில்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் காலையில் பெருமழை. ரயில்வே பாலத்தடியில் தேங்கிய தண்ணீரில் எங்கள் ஆட்டோ நின்றுவிட்டது. எங்களை மேட்டில் நிற்கவைத்துவிட்டு அப்பா இன்ஜினைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அது முனகக்கூட இல்லை. தன் வண்டிப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பிய மாமா எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"பசங்க நனையறாங்க. ஏத்தி உடுங்க, நான் கொண்டுபோய் உட்டுட்டு வர்றேன்."

"வேணாம். இப்ப ஸ்டார்ட் ஆயிடும்."

"இன்னிக்கு டெஸ்டாமே அவங்களுக்கு."

"நீ போன்னு சொன்னேன்ல."

நான் ஓடிப்போய் மாமாவின் வண்டியில் ஏறப்போனேன். அப்பா என் பையைப் பிடித்து இழுத்தார்.

"உங்க பசங்களப் புடிச்சிக்க வரல நான்," என்றார் மாமா. அப்பா மறுபடி இன்ஜின் பக்கம் குனிந்தார். மாமா போய்விட்டார்.

கடைசியில் நடந்தே போனோம். எல்லோரிலும் சின்னவனை அப்பா தோளில் தூக்கிக்கொண்டார். டெஸ்ட் தொடங்கிவிட்டது, டீச்சர் எங்களைச் சொட்டச் சொட்ட வராந்தாவில் நிறுத்திவைத்தார். அந்த வருடம் முடிவதற்குள் அப்பாவின் பிள்ளைகளும் மாமாவின் பிள்ளைகளும் வேனுக்கே போய்விட்டார்கள்.

அப்பாவுக்கு மாமாமேல் கோபம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். மாமாவின் வண்டி பழுதானபோது தான் செய்ததையே மாமாவும் செய்துவிடுவார் என்று அவர் பயந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.