பாதி ஏரிவரைதான் பாதுகாப்பு

டக்... டக்டக். படகு விளிம்பைத் துடுப்பால் தட்டி மடவை மீனை வலைக்குள் விரட்டுகிற சத்தம். பழவேற்காட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். ஆனால் இன்று ஊரில் சாவு. இந்தக் கரையிலிருந்து ஒரு படகும் தண்ணீரில் இறங்கவில்லை. பிறகு யார் தட்டுகிறார்கள்? பெற்றவர் இல்லாத பிள்ளைகளைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகளே, இந்த வேலையில் முதலில் போவது தூக்கம்தான்.

ஈரமாய் வருகிறவர்

கஸ்தூரிக்கு ஏழு வயது. அம்மா முன்பே இல்லை. மழைக்காலத்தில் அப்பாவின் படகு மட்டும் கரைக்கு வந்தது, அவர் கிடைக்கவேயில்லை. சித்தப்பா வீட்டிலிருந்து குழந்தைப் பாதுகாப்பு ஆபீஸ் மேடம் கூட்டிவந்து என்னிடம் விட்டார். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் நைட் ஷிப்ட், மடியில் ஆறு மாதக் குழந்தை. தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கவேண்டும் என்று கான்வென்ட் ஹாஸ்டலில் சிஸ்டர் பழக்கியிருந்தார். அன்று நான் கை வைத்ததும் கஸ்தூரி பிடித்துக்கொண்டாள்.

"தாப்பா போடாதக்கா. நைனா ஈரத்தோட வந்தா வெளியவே நிக்கும்."

கட்டில் கால்

அவள் வந்த புதிதில் ஒரு ராத்திரி, அந்தச் சத்தத்தை வீட்டுக்குள்ளேயே கேட்டேன். கண் மூடியபடி, கஸ்தூரி கட்டில் காலைத் தட்டிக்கொண்டிருந்தாள். டக்... டக்டக். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. ராத்திரியெல்லாம் படகில் உட்காரவைத்துத் தட்டச் சொல்வாராம் சித்தப்பா. அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்லித்தான் ஆபீஸுக்கே தெரிந்திருக்கிறது. கை வலித்தால் நிறுத்தக்கூடாதா என்று காலையில் கேட்டேன்.

"நிறுத்தினா, நைனா இருக்கற எடத்துலயே உன்னையும் வுட்டுடுவேன்னு சித்தப்பா சொல்லும்க்கா."

வெள்ளைச் சட்டை

பழைய மேடத்துக்கு மாற்றல் வந்தது. புது மேடம் சித்தப்பாவையே கூட்டிக்கொண்டு வந்தார். சொந்தம் இருக்கும்போது பிள்ளை ஏன் வெளியாரிடம் வளரவேண்டும் என்று கேட்டார். கஸ்தூரியின் கையை விரித்துக் காட்டினேன். மீன்காரப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சகஜம் என்று சொல்லிவிட்டு, ஜீப்புக்குப் போய்விட்டார். கஸ்தூரி அழவில்லை, என் புடவையை மட்டும் விடவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட அந்தச் சித்தப்பா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு என் குழந்தையின் கன்னத்தைத் தடவினார்.

"ராத்திரில தாப்பாவே போட மாட்டீங்களாமே, தங்கச்சி. கைக்கொழந்த வெச்சினு இருக்கீங்க."

தண்ணீரில் ஒரு கோடு

அவளை ஏரிக்கு அக்கரையில், ஆந்திராப் பக்கக் குப்பத்துக்குக் கொண்டுபோய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இந்தக் கரை ஆபீஸுக்குப் போன் செய்தேன். அந்தக் கரை எங்களுடையது இல்லை என்றார்கள். அக்கரை ஆபீஸில் தெலுங்கில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பிள்ளை உங்கள் பக்கத்துப் பிள்ளைதானே என்றார்கள். மறுபடி மேடத்தைப் பிடித்தேன்.

"பாதி ஏரி வரைக்கும்தாம்மா நம்ம லிமிட்."

ஜன்னல்

இன்று பொழுது சாயும்போது, டச்சுக் கல்லறைச் சுவர் ஓரமாக, நனைந்த பாவாடையோடு கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். அக்கரைப் படகு மீன் துரத்தி இந்தப் பக்கம் ஒதுங்கியபோது, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தே வந்துவிட்டாளாம். ஆபீஸுக்குச் சொன்னேன். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்கள். தலையைத் துவட்டிச் சோறு போட்டேன்.

இப்போது அந்தச் சத்தம் படித்துறை வரை வந்துவிட்டது. வழக்கம்போல் கதவு சும்மா சாத்தித்தான் இருக்கிறது. தாழ்ப்பாள் போடமாட்டேன் என்று அவளுக்கு நான் கொடுத்த வாக்கு. எழுந்து தாழ்ப்பாள் போட எனக்குக் கை வரவில்லை. தட்டுவது சித்தப்பாவா, அவள் காத்திருக்கும் அந்த ஈர மனுஷனா என்று எனக்கே நிச்சயமில்லை. கஸ்தூரி முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். துருப்பிடித்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தள்ளினாள்.

"நைனா வந்தா ஜன்னலாண்ட வந்து பேர் சொல்லிக் கூப்புடும்க்கா. சித்தப்பா கூப்புடாது."

ஆக, சகோதரிகளே, திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும்வரை எங்கள் கரையின் குழந்தைப் பாதுகாப்பு முழுவதும் ஒரே ஒரு தாழ்ப்பாள், அதையும் உள்ளேயிருந்து போட்டது குழந்தைதான்.