பூஜை அலமாரியில் ஒரு ரப்பர் வளையம்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் சாமி படங்களுக்கு நடுவே ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், மிக்ஸி ஜார் கேஸ்கெட்டைக் கொண்டுபோய் எதற்காகச் சாமிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி அம்மா ஆரம்பிப்பாள். தென்துருவத்தில், பனிக்கட்டி மிதக்கிற கடலுக்கு அடியில் ஒரு வருஷம் தனியாகக் கிடந்து பத்திரமாகத் திரும்பி வந்த மிஷினில் இருந்த வளையம் அது என்பாள். அந்த மிஷினுக்குள் குங்குமம் வைத்தனுப்பியது தான்தான் என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் பார்ப்பதில்லை. ஏதாவது வேலையைச் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். வெள்ளிக்கிழமைதோறும் அந்த வளையத்துக்குப் புதிதாகப் பொட்டு வைக்கப்படுகிறது.

மதுரை செல்லூரில் விசைத்தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவன் நான். ஒரு கடல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒப்பந்த டெக்னீஷியனாக வேலை கிடைத்தபோது எனக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ராமேஸ்வரத்தில் காலை நனைத்தது மட்டும்தான். ஆராய்ச்சிக் கப்பலில் குழுவின் தலைமை விஞ்ஞானியை எல்லோரும் சீஃப் என்று கூப்பிடுவார்கள். எங்கள் சீஃப் ஒரு பெண்மணி. மதுரைக்காரர், மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டுப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மற்றவர்களிடம் ஆங்கிலத்தில் அளந்து பேசுகிறவர், என்னிடம் மட்டும் ஊர்ப்பேச்சுக்கு இறங்கிவிடுவார். அந்தக் குழுவில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவர் எதைத் தேடினார் என்பதை எனக்குப் புரிகிற மாதிரி அவர்தான் சொன்னார். தென்துருவப் பனிக்கரையை ஒட்டி, கடுங்குளிர்ந்த உப்புநீர் கனத்துப்போய்க் கடலின் அடிக்கு இறங்குகிறது. அங்கிருந்து உலகத்துக் கடல்களின் அடியெல்லாம் பரவுகிறது. நாங்கள் வேலை பார்த்த அந்தப் பகுதியில் அது வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது, அவ்வளவுதான் என்பது மூத்த விஞ்ஞானிகளின் கட்சி. அப்படியில்லை, நடுக்குளிர்காலத்தில் திடீர் திடீரென்று பெருக்கெடுத்து இறங்குகிறது என்பது சீஃப்பின் கட்சி. ஆனால் குளிர்காலத்தில் அங்கே கடல் உறைந்துவிடும். கப்பல் எதுவும் போக முடியாது. “நம்ம வைகை மாதிரிதாம்ப்பா. அணையத் தொறந்தா நாலு நா தண்ணி வரும், அப்புறம் மணலு. நாம கோடையில போயி எட்டிப் பாத்துட்டு, ஆறே இம்புட்டுத்தான்னு எழுதிட்டு வாரோம்” என்றார். அதனால் கோடையில் போய்க் கருவிகளைக் கடலுக்கு அடியில் இறக்கி, ஒரு வருஷம் அங்கேயே விட்டு, அடுத்த கோடையில் எடுக்க வேண்டும். இதற்கு அனுமதி கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் பல வருஷமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. கடைசியில் கிடைத்தபோது அவர் ஓய்வுபெற இரண்டே வருஷம் பாக்கி. ஒரே ஒரு தடவைதான், மறுபடி கேட்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

கப்பலேறப் புறப்படுகிற அன்று அம்மாவிடம் இதை விளக்கப் போனது என் தப்பு. அவளுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. “அம்புட்டுக் குளுருல, இருட்டுல, ஒரு வருசமும் அது தனியாவா கெடக்கும்?” என்று கேட்டாள். அது மிஷினும்மா என்றேன். “மிஷினா இருந்தா என்ன? தறிக்குப் பொட்டு வைக்காம ஒரு நா ஓட்டியிருக்கமா?” என்றவள், மீனாட்சி கோயில் தாழம்பூக் குங்குமத்தை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்து, “இத அதுக்குள்ள வச்சு விடு. வெளிய வச்சா கடத்தண்ணி கழுவிரும்” என்றாள்.

கருவி என்பது ஒரு கனமான உலோக உருளை. உள்ளே தண்ணீரின் குளிரையும் உப்பையும் பதிவுசெய்கிற சாதனங்கள். மூடிக்கும் உருளைக்கும் நடுவே அந்த ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். மேலே அழுத்துகிற அத்தனை கடலையும் உள்ளே விடாமல் தடுப்பது அது ஒன்றுதான். அதில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் போச்சு. கையைக் கழுவி, துணியால் துடைத்து, டார்ச் அடித்து வளையத்தைச் சுற்றிலும் பார்த்து, விரல் நுனியால் லேசாகக் கிரீஸ் தடவி, பள்ளத்தில் உட்காரவைத்து மூட வேண்டும். நான் மூட வேண்டும், சீஃப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரே கயிற்றில் மூன்று கருவிகள். மேலே தொங்குகிற இரண்டும் துணைக்கு. கடலடியில் கிடக்கப் போகிற மூன்றாவதுதான் எல்லாம். முந்தின நாளே மூன்றையும் மூடி, சீஃப் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

மறுநாள் காலை கப்பல் தளத்தில் பூஜை. வெளிநாட்டு மாலுமிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கற்பூரம் ஏற்றக் கேப்டன் அனுமதிக்கவில்லை. எலுமிச்சம்பழம் குளிர்பெட்டியில் கிடந்து கல்லாகியிருந்தது. கத்தி இறங்கவில்லை. ஒரு மாலுமி ரம்பம் எடுத்து வந்து அதை அறுத்துக் கொடுத்தார். அத்தனை பேரும் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் அறையில் பைபிள் வாசிக்கிற சீஃப்பும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எங்களோடு நின்றார். என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். “வெளிய எம்புட்டு வேணும்னாலும் பூசுங்கப்பா. மூடிப் பக்கம் மட்டும் கை போக வேண்டாம்.” சரி மேடம் என்றேன்.

சரி என்றுதான் சொன்னேன். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கருவியை இறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சட்டைப்பையில் அம்மாவின் பொட்டலம் இருந்தது. இருட்டில் ஒரு வருஷம் தனியாகக் கிடக்குமா என்று அவள் கேட்டது நினைவுக்கு வந்தது. நூறு தடவை திறந்து மூடியவன், எனக்கா தெரியாது என்ற திமிரும் இருந்தது. மூன்றாவது கருவியைத் திறந்தேன். பொட்டலத்தை உள்ளே ஒரு மூலையில் செருகினேன். கையைத் துடைத்தேன், கழுவவில்லை. வளையத்தில் மறுபடி கிரீஸ் தடவி மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சள் மிதவைகளோடு அது தண்ணீருக்குள் போனபோது சீஃப் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “போயிட்டு வா” என்று தமிழில் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவின் பேச்சைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம்.

அடுத்த வருஷம் பனிக்கட்டி விலகுவதற்காக அந்த இடத்தில் மூன்று நாள் காத்திருந்தோம். கப்பலிலிருந்து ஒலி அனுப்பினால் கடலடியில் எடையைப் பிடித்திருக்கிற கொக்கி விடுபட்டு, மிதவைகள் கருவிகளையும் இழுத்துக்கொண்டு மேலே வரும். வந்தன. சீஃப் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். மேல் கருவிகள் இரண்டும் நன்றாக இருந்தன. மூன்றாவதை ஆய்வறை மேஜையில் வைத்து நானும் அவரும் திறந்தோம். மூடி அசைந்ததுமே தண்ணீர் வந்தது. செம்பழுப்பான தண்ணீர். துரு என்று யார் பார்த்தாலும் சொல்லியிருப்பார்கள். சீஃப் உள்ளே விளக்கடித்துப் பார்த்து, இடுக்கியால் ஒரு நைந்த காகிதத்தை எடுத்தார். அதில் தமிழ் எழுத்து இன்னும் அழியவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். எனக்கும் தாழம்பூ வாசம் வந்தது, அல்லது வந்ததாகத் தோன்றியது. பிறகு வளையத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தி என்னைப் பார்க்கச் சொன்னார். கிரீஸில் சிக்கி, ரப்பரில் பதிந்து, சிவப்பாக ஒரு பொடி இருந்தது. கடுகில் கால்வாசி.

அவர் திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம், “அம்மா குடுத்ததா?” என்று கேட்டார். தலையாட்டினேன். காகிதத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். வளையத்தை என் கையில் வைத்தார். “இத நீயே வச்சுக்க” என்றார். காப்பாற்றுவதற்காகக் கொடுத்தாரா, காலத்துக்கும் சுமக்கட்டும் என்று கொடுத்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பழுதான அந்தக் கருவியிலிருந்து ஒன்பது நாள் பதிவை மட்டும் மீட்க முடிந்தது. ஒன்பதாம் நாள் தண்ணீரின் குளிர் மெல்லக் கூட ஆரம்பித்திருந்தது. அத்தோடு நின்றுவிட்டது. வரைபடத்தில் அந்தக் கோட்டை அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் விசாரணைக் குழு கூப்பிட்டது. மூடும்போது வளையம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார்கள். சீஃப் எனக்கு அடுத்த நாற்காலியில் மேஜையைப் பார்த்தபடி இருந்தார். “சரியா இருந்துச்சு சார்” என்றேன். அவ்வளவுதான் என் வீரம். மூடியைப் பார்த்துக் கையெழுத்திட்டவர் என்ற முறையில் பொறுப்பு தன்னுடையது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே படியிறங்கும்போது ஏன் மேடம் என்று கேட்டேன். “ஒன்னைய எழுதுனா ஒன்னோட நிக்காதுப்பா. குங்குமத்தையும் எழுதணும். வேதக்காரி நான் அத எழுதுனா வேற கதையாகிரும். ஒங்க அம்மா ஒரு நல்ல எண்ணத்துல குடுத்தாக. அவுகளப் போயி ஊரெல்லாம் இழுக்கவா?” என்றார். எனக்கு அடுத்த வருஷம் வேலை நிரந்தரமானது. அவர் ஓய்வுபெற்று மதுரைக்கு வந்துவிட்டார். அந்த மேடம் கவனக்குறைவால் ஒரு வருஷப் பதிவைக் கோட்டைவிட்டவர் என்று நிறுவனத்தில் பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் அதைக் கேட்டபடி நானும் டீ குடித்திருக்கிறேன்.

திருப்பரங்குன்றத்தில் என் கல்யாணம் நடந்தபோது அவர் வந்திருந்தார். கூட்டத்தில் அம்மா அவரைத் தேடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்மா, நான் குடுத்துவிட்ட குங்குமம் அந்த மிஷினக் காப்பாத்துச்சா?” என்று கேட்டாள். நான் மாலையோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். சீஃப் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்து, “காப்பாத்துச்சும்மா. பத்திரமா திரும்பி வந்துச்சு” என்றார். அந்த வாரமே அம்மா என் பெட்டியைக் குடைந்து, அந்த மிஷினுடையது என்று எப்போதோ நான் சொல்லியிருந்த வளையத்தை எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்தாள்.

அதன்பின் விடுமுறையில் வரும்போதெல்லாம் அவர் வீட்டுக்குப் போவேன். வெயிலைப் பற்றிப் பேசுவோம், மழை பொய்த்ததைப் பேசுவோம். கருவியைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயெடுத்ததில்லை. ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம், நிறுவனத்துக்கு எழுதிவிடட்டுமா மேடம் என்று கேட்டுவிடலாம் என்றுதான் போவேன். “வாரேன் மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவேன். அவர் சொன்னது சரிதானா என்று பார்க்க இன்றுவரை யாரும் அந்த இடத்தில் கருவி இறக்கவில்லை. அங்கே ஒன்பது நாளுக்கு மேல் தண்ணீர் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

போன வருஷம் அவர் போய்விட்டார். அடக்க ஆராதனைக்கு அம்மாவும் வந்தாள். நிறுவனத்திலிருந்து வந்த ஒருவர் பேசும்போது, எவ்வளவு பெரிய அறிவாளிக்கும் ஒரு சறுக்கல் உண்டு, அந்த ஒன்றை வைத்து அவரை எடைபோடக்கூடாது என்று பெருந்தன்மையாகச் சொன்னார். வேறு யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று போதகர் கேட்டார். அம்மா என் முழங்கையை இடித்து, “போய்ப் பேசுடா. நம்ம குங்குமத்தக்கூட அவுக மதிச்சாகன்னு சொல்லு” என்றாள். எழுந்து போனேன். ஒலிபெருக்கி முன்னால் நின்றபோது அம்மா எனக்கு நேராக, கைகூப்பியபடி உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பெட்டிக்குள் இருந்தவரின் பெயர் மீளும், எதிரே இருந்தவள் உடைந்துபோவாள். அம்மாவுக்காகத்தான் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். நான் எனக்காகவும்தான் சொல்லவில்லை. யாரையும் கடிந்து பேசாதவர் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், இப்போது கண்ணும் மங்கிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் இதைக்கூட எழுதுகிறேன்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு அம்மா அலமாரியைக் கழுவித் துடைத்தாள். கத்தி, அரிவாள்மனை, என் ஸ்பேனர்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கடைசியில் வளையத்தைக் கையில் எடுத்தாள். வழக்கமாக ஒன்று வைப்பாள். இந்த முறை இரண்டு வைத்தாள். “இன்னொண்ணு அந்த அம்மாவுக்கு” என்றாள். பொடி வளையமெல்லாம் சிந்தியது. வளையத்தை என்னிடம் நீட்டி, “எனக்குக் கண்ணு தெரியல. சரியா இருக்கா பாரு” என்றாள். வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மூடுவதற்கு முன் எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படி, மெதுவாகத் திருப்பித் திருப்பி ஒரு முழுச் சுற்று பார்த்தேன். ரப்பரில் அன்றைக்குப் பொடி பதிந்த அந்தச் சின்னப் பள்ளம் அப்படியே இருக்கிறது.

“சரியா இருக்கும்மா” என்றேன்.