இருபத்துமூன்றாவது பெயர்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கனகேஸ்வரி மிஸ் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதிக்கு, அங்கம்மா ஓர் ஆட்டுக்கல்லோடு வந்து சேர்ந்தாள். எண்பத்துமூன்று கலவரத்தில் ஹெவ்லொக் டவுனில் வீடு எரிந்து, கனடாவுக்குப் புறப்பட்ட டொக்டர் குடும்பம் ஒன்று, எரியாமல் மிஞ்சியதைச் சொந்தக்காரருக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. மிஸ்ஸின் பங்குக்கு வந்தவை ஆட்டுக்கல், இரண்டு பித்தளைக் குடம், அங்கம்மா. குடங்களில் ஒன்று பிறகு களவு போனது. மற்ற மூன்றும் பதினான்கு வருஷமாக அந்தக் குசினியிலேயே கிடந்தன.

அங்கம்மா மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பன்னிரண்டு வயதில் டொக்டர் வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்தவள். பார்த்த பிள்ளை இப்போது ரொறன்ரோவில் பல் டொக்டர். அங்கம்மாவுக்கு முன்பல் இரண்டு இல்லை. இந்த விஷயத்தை முதலில் பகிடியாகச் சொன்னது அங்கம்மாதான். மன்னாரிலிருந்து வந்த பேர்ணடெற் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அன்று முழுக்க ஏன் சிரித்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

பேர்ணடெற் உயர்தரப் பரீட்சையை இரண்டாந்தரம் எழுத வந்தவள். முதல்தரம் எழுதிய லட்சணத்தைப் பார்த்த தகப்பன், கொழும்புத் தண்ணி குடித்தாலாவது மண்டையில் ஏறும் என்று அனுப்பிவைத்திருந்தார். தண்ணி ஏறவில்லை. விடுதியில் தண்ணிக்கும் விதி இருந்தது: ஆளுக்குக் காலையில் மூன்று வாளி.

முன்கூடத்துச் சுவரில் மிஸ் தன் பள்ளிக்கூடக் கையெழுத்தில் பத்தொன்பது விதிகள் எழுதி ஒட்டியிருந்தாள். மாலை ஆறுக்குக் கேற் பூட்டப்படும், பிறகு எவருக்கும் திறக்கப்படமாட்டாது. றோட்டுப் பக்க ஜன்னலில் நின்று தமிழில் உரத்துக் கதைக்கப்படாது. வெளியே போகும்போது பொட்டு அழிக்கப்படவேண்டும். இயக்கம், ஆமி இரண்டையும் பற்றிச் சாப்பாட்டு மேசையில் பேச்சு இல்லை. வந்த மாதமே பேர்ணடெற் அதே கையெழுத்தில் இருபதாவதாக ஒன்று சேர்த்தாள்: 'பல்லி சொன்னால் பதில் சொல்லப்படாது.' மூன்று கிழமை எவரும் கவனிக்கவில்லை. புதிதாக வந்த ஒரு வவுனியாப் பிள்ளை, பல்லி சத்தம் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததில்தான் குட்டு வெளிப்பட்டது. மிஸ் அந்த வரியை வெட்டிவிட்டு, 'நல்ல கையெழுத்து, வீணாப் போகுது' என்று சொல்லி, அன்றிலிருந்து விடுதியின் கடுதாசி வேலை எல்லாவற்றையும் பேர்ணடெற்றின் தலையில் கட்டினாள்.

விதிகளைப் போட்டது மிஸ் என்றாலும், அவற்றைக் காப்பாற்றியது அங்கம்மா. அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பத்தொன்பதும் மனப்பாடம். ஆறு மணிக்குக் கேற்றைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகுவாள். ஆறு ஐந்துக்கு வந்து அழுத பிள்ளையிடம், 'விதின்னா விதிதான் பாப்பா' என்று சொல்லிவிட்டு, மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வரும்வரை கேற்றுக்கு இந்தப்பக்கம் தானும் நின்று கதை சொல்லுவாள். பிள்ளைகளின் சாப்பாட்டுக் கோப்பைகளை எண்ணி இருபத்திரண்டும் வந்த பிறகு, குசினிப் படியில் இருந்து தன்னுடையதைச் சாப்பிடுவாள். அரிசி மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவே பாய் விரிப்பாள்.

பொலிசுக்குப் போவதும் அவள்தான். வீட்டில் தங்கியிருப்பவர் எல்லாரையும் பொலிசில் பதியவேண்டும். பெயர், ஊர், கொழும்பில் நிற்கும் காரணம். முத்திரை குத்திய அந்தத் தாளின் பிரதி இல்லாமல் ஒரு பிள்ளை பஸ் ஏற முடியாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மிஸ்ஸின் சிங்களம் 'ஸ்தூதி' என்ற நன்றியோடு முடிந்துவிடும். அங்கம்மாவின் சிங்களம் சந்தையில் விளைந்தது. அவள் பேசினால் கொன்ஸ்ரபிள்மார் கதிரை இழுத்துப் போடுவார்கள். ஒவ்வொரு தை மாதமும் மிஸ் குடையோடு நிற்க, இருபத்திரண்டு பிள்ளைகளும் தங்கமான பிள்ளைகள் என்று அங்கம்மா சாட்சி சொல்லி முத்திரை வாங்கி வருவாள்.

தொண்ணூற்றாறு மார்கழியில், அங்கம்மா மீன் வாங்கப் போன நேரம், ஆமிக்காரரும் பொலிஸ்காரரும் சந்தையைச் சுற்றிவளைத்தார்கள். இந்த முறை சிங்களம் பேசினாலும் அடையாள அட்டை கேட்டார்கள். தோட்டத்தைவிட்டுச் சின்னதில் வந்தவளுக்கு அட்டை ஏது. எந்த வீடு, அந்த வீட்டுப் பதிவில் பெயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. மத்தியானம் வரை மைதானத்து வெயிலில் இருத்தி வைத்தார்கள். சிங்கள மீன்காரி புளோறன்ஸ் கத்தியும் கையுமாக வந்து, இவளை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும் என்று சிங்களத்தில் சண்டை பிடித்ததால் விட்டார்கள். கூடையில் கிடந்த சூரை மீன் நாறிப்போயிருந்தது.

அன்றைக்குத்தான் அங்கம்மா முதல்தடவையாக மிஸ்ஸிடம் தனக்கென்று ஒன்று கேட்டாள். பேர்ணடெற் பக்கத்து மேசையில் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

'மிஸ், அந்தப் பொலிஸ் தாள்ல எம்பேரையும் ஒரு ஓரமாப் போட்டுருங்களேன்.'

'உன்ர பேரோ? அது போடிங் பிள்ளையளுக்கடி.'

'நானும் இங்கதான மிஸ் படுக்குறேன்.'

'காரணம் எண்ட இடத்தில என்ன எழுதிறது? வேலைக்காரி எண்டு போட்டால் நாளைக்கு லேபர் ஒபிஸிலயிருந்து வந்து ஈ.பி.எஃப். எங்கை எண்டு கேப்பாங்கள். உனக்கென்ன பயம். உன்ர சிங்களத்துக்கு உன்னை ஆர் பிடிக்கிறது?'

'பிடிச்சாங்களே மிஸ்.'

'விட்டுட்டாங்கள்தானே.'

அங்கம்மா குசினிக்குள் போனாள். அன்று ரசத்தில் உப்பு இல்லை. அது அவளுக்கு மறதியா கோபமா என்று எவருக்கும் தெரியாது, எவரும் கேட்கவுமில்லை.

தை பிறந்ததும் புதுப் பதிவுத் தாளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் நிரப்பியது பேர்ணடெற். மிஸ் கீழே ஒப்பம் வைத்த பிறகு பார்த்தால், இருபத்திரண்டுக்குக் கீழே ஒரு வரி வெறுமையாகக் கிடந்தது. வெறும் வரியைக் கண்டால் சும்மா இருக்க அவளால் முடியாது. இருபத்துமூன்று: அங்கம்மா, வயது நாற்பத்தொன்று, ஊர் மஸ்கெலியா, காரணம் உயர்கல்வி. பகிடிக்குத்தான் எழுதினாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பகிடிக்கு எழுதியவள் ஏன் அந்த வரியை மற்ற வரிகளைவிட நிதானமாக, மை சிந்தாமல் எழுதினாள் என்பதை விசாரிக்கவில்லை.

அடுத்தநாள் அங்கம்மா பலாக்காய் விலையைப் பற்றிச் சிங்களத்தில் அளந்துகொண்டிருக்க, கொன்ஸ்ரபிள் பாராமலே முத்திரை குத்திக் கொடுத்தார். பின்னேரம் குசினியில் பேர்ணடெற் பிரதியை விரித்துக் காட்டினாள்.

'அங்கம்மாக்கா, உங்கட பேர் ஏறியிட்டுது.'

'எதும்மா என்னுது?'

விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, காட்டிய இடத்தில் வைத்தாள். இருபத்திரண்டு பேருக்குக் கீழே, மிஸ்ஸின் ஒப்பத்துக்கு மேலே.

'என்னா காரணம் போட்டுருக்கு?'

'படிக்க வந்தவ எண்டு.'

அங்கம்மா பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, 'மிஸ்ஸுக்குத் தெரியுமா?' என்று கேட்டாள்.

தெரியாது என்று சொன்னால் அந்தச் சந்தோஷம் அங்கேயே செத்துவிடும். பேர்ணடெற் வாயில் வந்ததைச் சொன்னாள்.

'தெரியும். மிஸ்தான் எழுதச் சொன்னவ. ஆனா அதைப் பற்றிக் கதைக்க வேண்டாமாம்.'

அன்றிலிருந்து மிஸ்ஸின் தேத்தண்ணியில் இஞ்சி விழுந்தது. மிஸ் குளிக்கும் தண்ணி கேளாமலே சுட்டது. மிஸ்ஸின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ந்தது. 'என்னடி இது, நான் சாகப்போறன் எண்டு டொக்டர் ஏதும் சொன்னவரோ?' என்று மிஸ் கேட்டாள். அங்கம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். கதைக்க வேண்டாம் என்பதும் ஒரு விதி, அவள் விதியை மீறுகிறவள் அல்ல. பேர்ணடெற் மட்டும் இஞ்சி மணக்கும்போதெல்லாம் எழும்பி வெளியே போனாள்.

பங்குனி மாத ஞாயிறு ஒன்று. பத்து மணி. பிள்ளைகள் தலைமுழுகும் நாள். இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு கொன்ஸ்ரபிள்மாரோடு வந்து, எல்லாரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார். தலையில் சீயக்காயும் தோளில் துவாயுமாக இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். இன்ஸ்பெக்டர் பதிவுத் தாளை வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கடைசிப் பெயருக்கு, குசினி வாசலில் கரண்டியோடு நின்ற அங்கம்மா முன்னே வந்து, வரிசையின் கடைசியில் நின்றாள். நிமிர்ந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். என்ன படிக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்.

'உயன்ன, மஹத்தயா. தவம பாஸ் நே.'

சமைக்கப் படிக்கிறேன் ஐயா, இன்னும் பாஸ் பண்ணவில்லை. கொன்ஸ்ரபிள்மார் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கும் வாய் கோணியது. அந்தச் சிரிப்போடு அது முடிந்திருக்கும். அவர் மிஸ்ஸின் பக்கம் திரும்பி, இவள் இங்கே இருக்கிறவளா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றால் போதும்.

மிஸ் எட்டித் தாளைப் பார்த்தாள். தான் எழுதாத வரி, தன் ஒப்பத்துக்கு மேல். பொய்ப் பதிவுக்கு வீட்டுக்காரரைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றுவார்கள் என்பது அந்த ஒழுங்கைக்கே தெரியும். ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினாள். சிங்களத்தில் சொல்லுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். மிஸ்ஸுக்குச் சிங்களம் தேவைப்படும்போது எப்போதும் செய்வதைத்தான் அப்போதும் செய்தாள். அங்கம்மாவிடம் திரும்பினாள்.

'இது நான் எழுதினதில்லை எண்டு சொல்லு. இவ பகலில வந்து சமைச்சுப்போட்டுப் போறவ, இஞ்ச தங்கிறேல்லை எண்டு சொல்லு.'

அங்கம்மா மிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு, அவசரமில்லாமல், வரிசையில் நின்ற பேர்ணடெற்றைப் பார்த்தாள். இஞ்சித் தேத்தண்ணி, சுடுதண்ணி, நல்லெண்ணெய் எல்லாம் அந்தப் பார்வையில் வந்து போயின. பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, மிஸ் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொன்னாள். இது அம்மா எழுதியதில்லை. இந்தப் பெண் பகலில் வந்து சமைத்துவிட்டுப் போகிறவள், இங்கே தங்குவதில்லை. பதினான்கு வருஷம் மற்றவர்களுக்காகச் சொன்ன சாட்சிகளைப் போலவே அதையும் தெளிவாகச் சொன்னாள்.

அப்படியென்றால் எங்கே இருக்கிறாய்?

தெமட்டகொடையில், தெரிந்தவர்கள் வீட்டில்.

அந்த வரியில் விரல் வைத்தார். இதை யார் எழுதியது?

பேர்ணடெற்றின் நெற்றியிலிருந்து சீயக்காய் கண்ணுக்குள் இறங்கியது. நான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மன்னார்ப் பிள்ளை, பொலிஸ் தாளில் கள்ள எழுத்து. அதற்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். வாய் மூடிக்கொண்டது. கண் எரிவது சீயக்காயால்தான் என்று எவரும் நினைக்கலாம்.

'சந்தைக்கிட்ட பெட்டிசன் எழுதுற ஆளு ஒருத்தரு. நாந்தான் எழுதச் சொன்னேன். இந்த அம்மாவுக்குத் தெரியாது' என்று அங்கம்மா சிங்களத்தில் சொன்னாள். அவர்கள் நம்பினார்களோ என்னவோ, கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் கிடைத்துவிட்டது. கரண்டியை மட்டும் வாங்கி மிஸ்ஸின் கையில் கொடுத்துவிட்டு ஏற்றினார்கள்.

அடுத்தநாள் பேர்ணடெற் ரியூட்டரிக்குப் போகாமல் சந்தைக்குப் போனாள். புளோறன்ஸின் முன்னால் நின்று, தெரிந்த சிங்களத்தைத் தேடினாள். 'அங்கம்மா. பொலிஸ்' என்றாள். இரண்டு சொல்லும் சிங்களமே இல்லை. புளோறன்ஸ் கையைக் கழுவாமலே எழும்பினாள்.

அங்கம்மாவை வெளியே கொண்டுவர ஒன்பது நாள் எடுத்தது. அதற்குள் விடுதியில் புதுச் சமையல்காரி வந்துவிட்டாள், பகலில் மட்டும். சுவரில் மிஸ்ஸின் கையால் உண்மையான இருபதாவது விதி ஏறியது: பணியாட்கள் தங்கப்படாது. கேற்றுத் திறப்பைப் பேர்ணடெற்றிடம் கொடுத்தாள் மிஸ். 'நீதான் பொறுப்பான பிள்ளை' என்றாள். மிஸ் எதையும் கண்டுபிடித்திருந்தாளா என்பது பேர்ணடெற்றுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பத்தாம் நாள் ஆறு மணி கழிந்து அங்கம்மா வந்தாள். ஒழுங்கை முனையில் புளோறன்ஸ் நின்றாள். கேற்றுக்கு உட்புறம் பாயும் ஒரு துணிப்பையும் ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்டிருந்தன. பேர்ணடெற் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

'மணி என்ன பாப்பா?'

'ஆறு பத்து. திறக்கிறன் அக்கா.'

'ஆறுக்கு மேல திறக்கக் கூடாதில்ல. அதை மேலால குடு.'

பேர்ணடெற் பாயையும் பையையும் கேற்றுக்கு மேலால் கொடுத்தாள். அங்கம்மா வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

'மிஸ்ஸுக்குத் தெரியும்ன்னு சொன்னியே' என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால் பேர்ணடெற் தாங்கியிருப்பாள். மணி கேட்ட அதே குரலில்தான் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை.

புளோறன்ஸின் வீடு றெயில் பாதையோரம், கடல் தெறிக்கும் இடத்தில். அவள் தன் வீட்டுப் பதிவுத் தாளில் அங்கம்மாவைத் தங்கச்சி என்று எழுதுவித்தாள். அதுவும் பொய்தான். ஆனால் அந்த வீட்டுத் தாளை எவரும் நிறுத்தி வாசிக்கவில்லை.

மூன்று கிழமை கழித்துப் பேர்ணடெற் சந்தைக்குப் போனாள். சொல்லவேண்டியதை இரவுகளில் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கியிருந்தாள். எந்தப் பரீட்சைக்கும் அவள் அப்படிப் படித்ததில்லை. அங்கம்மா புளோறன்ஸின் பக்கத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சட்டையும் இடுப்பில் சீத்தைத் துணியும், சிங்களப் பெண்களைப் போல. சுற்றிலும் சனம். இரண்டு ஆமிக்காரர் மரவள்ளிக்கிழங்கு விலை கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

'அக்கா' என்றாள் பேர்ணடெற், மெல்ல.

அங்கம்மா நிமிர்ந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை.

'மொனவத ஓனே, நோனா?'

என்ன வேண்டும், அம்மணி. தமிழில் ஒரு சொல் சொன்னால் தங்கச்சி என்ற அந்த வரி போய்விடும் என்பது பேர்ணடெற்றுக்கு விளங்கியது. பாடமாக்கியது முழுவதும் தமிழில் இருந்தது. அவளுக்குத் தெரிந்த சிங்களம் மீன் வாங்கப் போதும். மன்னிப்புக் கேட்கப் போதாது.

சூரையை விரலால் காட்டினாள். அங்கம்மா நிறுத்து, குடல் எடுத்து, தலையை வெட்டி, பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தாள்.