கிரேஸ் ரீச்சரின் மொறிஸ் மைனர்

கிரேஸ் ரீச்சர் போய்விட்டார். இன்று காலை, பருத்தித்துறையில், தன் வீட்டில்... நித்திரையிலேயே.

ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் இரசாயனவியல், நான் கணிதம். ஸ்ராஃப் ரூமில் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை.

அழத்தான் வேண்டும். ஆனால் அவரை நினைத்தால் அந்தக் கார்தான் முதலில் வருகிறது. கூடவே சிரிப்பும். மன்னியுங்கள்.

அவருடைய அப்பாவின் மொறிஸ் மைனர். சண்டையில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது நான்கு ரயரும் இல்லாமல் கொட்டிலில் நின்றதாம். அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை.

பென்சன் எடுத்த அடுத்த கிழமையே ரீச்சர் பொனற்றைத் திறந்தார். பாரம் தூக்க என்னைக் கூப்பிட்டார்.

"உது இனி ஓடாது ரீச்சர்."

"மாஸ்ரர், நீங்கள் பற்றரியைத் தூக்குங்கோ. ஓடுமோ ஓடாதோ எண்டு நான் சொல்லுறன்."

பின்சீற்றில் ஒரு கோழி அடைகிடந்தது. அது குஞ்சு பொரிக்கும்வரை பின்பக்கம் ஒருவரும் போகக்கூடாது என்பது ரீச்சரின் கட்டளை. போகவில்லை.

இறுகிப்போன எஞ்சினுக்குள் டீசலும் ஒயிலும் கலந்து விட்டு நாட்கணக்காக ஊறவைத்தார். பெற்றோல் ராங்கிக்குள் ஒரு சின்னச் சங்கிலியைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கித் துருவை எடுத்தோம். இரண்டு நாள் என்னால் கரும்பலகையில் எழுத முடியவில்லை.

பிரேக்கை மட்டும் கராஜுக்குக் கொடுத்தார். "ஓடுறது என்ரை பொறுப்பு. நிக்கிறதைத் தெரிஞ்ச ஆக்கள் பாக்கட்டும்."

இதற்கிடையில் கனடாவில் இருக்கும் அவருடைய அண்ணன், காரை விற்க ஒரு கொழும்பு ஆளைப் பிடித்துவிட்டார். ரீச்சர் போனில் சண்டை. கடைசியில் அண்ணன் சொன்னாராம்: "நான் வரேக்கை அந்தக் காரிலை யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு வந்து என்னை ஏத்து, பாப்பம். ஏத்தினால் கார் உனக்கு. இல்லாட்டி விக்கிறது."

அந்த நாளும் வந்தது. புறப்பட்டோம். நன்றாகத்தான் ஓடியது... அச்சுவேலிவரை.

எஞ்சினுக்குப் பெற்றோல் ஏற்றும் பம்ப் செத்துவிட்டது. ரயில் வர ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

"ஓட்டோ பிடிப்பம் ரீச்சர்."

"சும்மா இருங்கோ மாஸ்ரர்."

விறுவிறு என்று நடந்து பாமசிக்குப் போனார். சேலைன் ஏற்றும் குழாயோடு வந்தார். அதன் ஒரு முனையைக் காரில் இருந்த பெற்றோல் போத்தலுக்குள் செருகினார், மறுமுனையைக் காபரேற்றருக்கு விட்டார். சண்டைக் காலத்தில் அப்பா செய்த வேலையாம். போத்தல் என் கையில். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உயர்த்திப் பிடித்தபடி நான்.

"கொஞ்சம் கூட்டுங்கோ... ஆ, காணும் காணும்!"

நல்லூரடியில் ஒரு சைக்கிள்காரர் பக்கத்தில் வந்தார். "ரீச்சர், ஆருக்குச் சேலைன் ஏத்துறியள்?"

"காருக்கு! விலத்துங்கோ!"

ஸ்ரேசன் வாசலில் அண்ணன் பெட்டியோடு நின்றார். காரைக் கண்டதும் கிட்ட வந்து கதவைத் தடவினார்.

"எடியே... உண்மையாவே ஓட்டிக்கொண்டு வந்திட்டியோ?"

"ஓம். ஏறுங்கோ அண்ணை. மாஸ்ரருக்குக் கை நோகுது, போத்தலை நீங்கள் பிடியுங்கோ."

பருத்தித்துறைவரை அவர்தான் பிடித்தார். கண்ணைத் துடைக்க இன்னொரு கை இருந்தது. கொழும்பு ஆளைப் பற்றி அதற்குப்பிறகு யாரும் கதைக்கவில்லை.

நாளை பின்னேரம் மூன்று மணிக்கு அவருடைய தேவாலயத்தில் ஆராதனை. பாட்டுகளை அவரே தெரிவுசெய்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாராம். கீழே ஒரு குறிப்பு: "ஒண்டையும் இழுத்து இழுத்துப் பாடவேண்டாம்."

சரி ரீச்சர். போயிட்டு வாங்கோ.