பழனி வழியில் சொன்ன கடல் படம்

எந்தப் படத்தை, எந்தக் கிழமை, எந்தக் காட்சி, யாருடன் பார்த்தேன் என்பதை நாட்குறிப்பில் எழுதி வைப்பது என் வழக்கம். அந்த வேற்றுக்கிரகப் படத்தின் முதல் பாகத்துக்கு நேராக 'சனி, மாலைக் காட்சி, மூவர்' என்று இருக்கிறது. மூன்றாமவள் எங்கள் மகள். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். படத்தில் கரையே இல்லாத, முழுதும் நீராலான ஓர் உலகம். விண்கலம் கிளம்பும் அவசரத்தில் ஒரு சிறுமி அங்கேயே விடுபட்டுப்போவாள். அவளுடைய தாய் கண்ணாடியில் முகம் பதித்துக் கீழே பார்ப்பதோடு படம் முடிந்தது. திண்டுக்கல் பேருந்து நிலையம் வரை என் மனைவி அந்தச் சிறுமியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் பாகம் வரப் பல ஆண்டுகள் ஆயின. அது தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் குறித்து வைத்தேன். அதற்குள் மகள் குளிர்நாடு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, வீடும் வாங்கிவிட்டாள். அவள் எத்தனை முறை அழைத்தும், குளிர் ஆகாது என்று மனைவி போகவில்லை. மகள் ஊருக்கே திரும்பிவிட வேண்டுமென்று பழனிக்கு நடந்து வருவதாக மனைவி வேண்டிக்கொண்டாள். "படம் தைப்பூசத்துக்கு அப்புறந்தான் வரும், தைரியமா மாலையைப் போடு" என்று சொன்னவன் நான். படம் மார்கழியிலேயே வந்துவிட்டது. மாலை போட்டவர்கள் சினிமா பார்ப்பதில்லை.

"உங்க நோட்டைத் தூக்கி அடுப்புல போடுங்க," என்றாள். "நீங்க போயிப் பாத்துட்டு வாங்க. நடக்கையில சொல்லுங்க."

கதையாகக் கேட்டாலும் விரதம் கெடுமா? எங்கள் ஊர்ப் பாதயாத்திரைக் குழுவின் குருசாமி பூக்கடை வைத்திருப்பவர். யோசித்துத் தீர்ப்பளித்தார்: "பாக்குறதுதான் தப்பு. காதுக்கு விரதம் கெடையாது சாமி. எனக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லணும், அம்புட்டுத்தான்."

தனியாகப் போய்ப் பார்த்தேன். தையில் அவர்களோடு நானும் நடந்தேன். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் கதையைத் தொடங்கினேன். இருபுறமும் அறுவடை முடிந்த சோளக்காடு. நானோ நீருக்கடியில் ஒளிவிடும் காடுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அம்புட்டும் உப்புத் தண்ணியா?" என்றார் குருசாமி.

"இல்ல சாமி, குடிக்கலாம்."

"அப்ப நம்மூருக்கு ஒரு பைப்பு இழுக்கச் சொல்லுங்க."

மனைவி சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள கெடைச்சாளா? அதச் சொல்லுங்க."

நான் கதையை வேண்டுமென்றே இழுத்துக்கொண்டிருந்தேன். காட்சி நேரத்தைக்கூடத் தவறாக எழுதாதவன், முடிவை மாற்றிச் சொல்லலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஒட்டன்சத்திரம் நெருங்கையில் அவள் சாலையோரம் உட்கார்ந்து, கொப்புளத்தில் எண்ணெய் தடவியபடி மறுபடி கேட்டாள்.

"கெடைச்சா," என்றேன். "ஆனா கூட வரமாட்டேன்னுட்டா."

காய்கறி ஏற்றிய லாரிகள் கேரளாப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. குருசாமி தன் பையின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"நல்லா இருக்காளா?" என்றாள் மனைவி.

"நல்லாத்தான் இருக்கா. தண்ணிக்குள்ள மூச்சு விடப் பழகிட்டா. அங்க அவளுக்கு மனுசங்க இருக்காங்க."

"ஆத்தாக்காரி?"

"கலத்துல ஏறித் திரும்பிடுறா."

"கூறுகெட்டவ. செத்த நேரம் அங்கன இருந்து பாத்துட்டு வரக் கூடாது?"

"மூச்சு விட முடியாதே."

"பழகிக்கிறது," என்று எழுந்து நடந்தாள்.

பழனியில் தரிசனம் முடிந்து, மாலையைக் கழற்றிப் படியிறங்கும்போது சொன்னாள்: "வேண்டுதலை மாத்திட்டேங்க. குளிரு தாங்குற ஒடம்பு மட்டும் குடுன்னு கேட்டேன். பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேணும்னு விசாரிங்க."

அடிவாரத்தில் பஞ்சாமிர்த டப்பாக்கள் வாங்கினோம். ஒன்றைத் தனியே எடுத்து என்னிடம் நீட்டி, எந்தத் தேதி வரை கெடாது என்று பார்க்கச் சொன்னாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.