அண்ணன் டாக்டரிடம் கேட்டது

அந்தக் கத்தரிக்கோலின் நுனி லேசாக வளைந்திருந்தது. நர்சம்மா என் மகனின் அரைஞாண் கயிற்றுக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கி, பொட்டலக் கயிற்றை அறுப்பதுபோல ஒரே வெட்டில் அறுத்துவிட்டார். ‘நறுக்’ என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். ஆனால் எங்கள் வீடுகளில் புதுக் கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதை அவிழ்ப்போம். ஆண்பிள்ளை இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. ஒரே ஒரு சமயத்தில்தான் அதை அறுத்து எடுப்பார்கள். அது எந்தச் சமயம் என்பதை நான் வாயால் சொன்னதில்லை, எழுதவும் மாட்டேன். பக்கத்தில் நின்றிருந்த அண்ணன், கீழே விழுந்த கயிற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “போனாப் போவுது, வுடு. ஊட்டுக்கு வரட்டும், வெள்ளில பண்ணிப் போட்றேன்” என்றார்.

பயப்படுவதற்கு எனக்குக் காரணமே வேண்டியதில்லை. பிள்ளை தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். வீட்டுக்காரர் தியாகராய நகர்ப் புடவைக் கடையிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால், பஸ் கவிழ்ந்ததிலிருந்து நான் தாலியைக் கழற்றுவது வரைக்கும் மனசுக்குள் நடத்தி முடித்துவிடுவேன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அடையாற்றங்கரையில் வீட்டில் உட்கார்ந்தபடி, கடைப் புடவைகளுக்கு ஓரம் தைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. கை தைத்துக்கொண்டிருக்கும்போது மனசு சும்மா இருக்குமா? அது பாட்டுக்குப் போய், இருக்கிற ஆபத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வரும். ஆனால் இந்த ஆபத்து மட்டும் என் கற்பனைக்கு எட்டியதே இல்லை.

பையனுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனபோது, டாக்டர் அவனைப் படுக்க வைத்து வயிற்றையெல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டு, “ஒரு பக்க விதை கீழ இறங்கவே இல்லையேம்மா. யாரும் சொல்லலையா?” என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. குளிப்பாட்டும்போது நானும் கவனித்திருந்தேன். வளர வளரச் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். இதை யாரிடம் போய்க் கேட்பது? பிறக்கும் முன்பே இறங்கிவிட வேண்டியது வயிற்றுப் பக்கமே தங்கிவிட்டது, சின்ன ஆபரேஷன் செய்து கீழே கொண்டுவந்து தைத்துவிடலாம், ஏற்கெனவே தாமதம், இனியும் தள்ளிப்போடாதீர்கள் என்றார். என் காதில் விழுந்ததெல்லாம் ஆபரேஷன் என்ற சொல் மட்டும்தான்.

மாமியார் ஒரே பிடியாக நின்றார். “ஆம்பளப் புள்ள மேல கத்தி வெக்கறதா? தானா எறங்கும். வெளக்கெண்ணெய தடவிக்கினு வா” என்றார். வீட்டுக்காரர் அம்மா பக்கமும் பேசவில்லை, டாக்டர் பக்கமும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், விளக்கெண்ணெய்தான் எனக்கும் ஆறுதலாக இருந்தது. விளக்கெண்ணெய் தடவினால் யாரும் சாக மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் அண்ணன் உள்ளே வருகிறார். எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். தண்ணீர் லாரி ஓட்டினார். தொண்ணூறுகளில் சென்னையில் தண்ணீர் லாரி ஓட்டியவரைச் சாமி ஊர்வலம் வருவதுபோலத்தான் தெரு எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். மந்தைவெளியிலும் மயிலாப்பூர்ச் சந்துகளிலும் அவருடைய ஹாரன் கேட்டால், பிளாஸ்டிக் குடங்களோடு பெண்கள் ஓடிவருவார்கள். வரிசைச் சண்டைக்கு நடுவில் அவரையும் விட மாட்டார்கள். “இன்னா அண்ணாத்த, தல நரைக்குது, எப்பதான் கல்யாண சோறு போடுவ?” என்பாள் ஒருத்தி. “இவ்ளோ பேரு கொடத்த தூக்கினு என் பின்னால ஓடியாறீங்க, இன்னொருத்தி வந்து வரிசைல நிக்கணுமா?” என்பார். தெருவே சிரிக்கும். நாற்பதைத் தாண்டியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த இடத்தையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிவிட்டார். ஒரு பெண் உயரம் என்றார், ஒரு பெண்ணின் அப்பா குடிகாரன் என்றார். பிடிவாதக்காரர் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

எதையும் கேலி பேசித் தள்ளுகிற அந்த மனிதர், பையன் விஷயத்தைக் கேட்டதும் சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் திரும்பச் சொல்லச் சொன்னார். மறுநாள் காலையில் லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்து நின்றார். “எப்ப போறோம்?” அதற்கு அடுத்த நாளும் வந்தார். “எப்ப போறோம்?” என் மாமியாரிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர், அன்றைக்கு வாசலிலேயே நின்றுகொண்டு, “எண்ணெய் தடவுனா எறங்காது அத்த. எறங்காது. நான் சொல்றேன் கேளு” என்றார். மாமியாரும் விடவில்லை. “நீ இன்னா பெரிய டாக்டரா? கண்ணாலம் கட்டி நாலு புள்ள பெத்தவன் மாரி பேசற” என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, “அவன் பெரியவனா ஆனப்புறம் உன்னால கேக்க முடியாது, அவனாலயும் சொல்ல முடியாது. இப்பவே முடிச்சுடு” என்றார். அந்தப் பேச்சுக்குத்தான் நான் தலையாட்டினேன். அவர் ஏன் இப்படித் துடிக்கிறார் என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பயந்தவளுக்கு அடுத்தவர் பயம் கண்ணில் படாது.

அக்கம்பக்கத்தில் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தோம். பிள்ளையை நாளைக்கு எவனும் கேலி பேசக் கூடாது என்று அண்ணன்தான் அப்படிச் சொல்லச் சொன்னார்.

ஆபரேஷன் அன்று காலையிலிருந்து பையனுக்குச் சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வெயில் ஏற ஏற அவன் அழ ஆரம்பித்தான். வார்டு குழாயில் யாரோ சொம்பு பிடிக்கும் சத்தம் கேட்டால் அந்தப் பக்கமே கையை நீட்டினான். என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் அண்ணனிடம் தாவினான். “மாமா, உன் லாரில தண்ணி தீந்து போச்சா?” என்றான். ஊருக்கெல்லாம் ஊற்றுகிற மனிதரைப் பார்த்துக் கேட்டான். அண்ணன் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, “தீந்து போச்சுடா நைனா. டாக்டரு மாமா ரொப்பித் தருவாரு, வா” என்று வராந்தாவில் நடந்தார். பிறகுதான் அந்தக் கத்தரிக்கோல். பிறகு ஆபரேஷன் அறைக் கதவு. தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரி ஆளின் தோள்மேலிருந்து பையன் என்னைப் பார்த்துக்கொண்டே போனான். அழவில்லை. ‘நீயுமா?’ என்று கேட்பதுபோல ஒரு பார்வை. இன்றைக்கும் அவன் தெருமுனையில் திரும்பி டாட்டா காட்டினால் எனக்கு அந்தப் பார்வைதான் தெரியும்.

மயக்க மருந்தில் கண் திறக்காமலே போன பிள்ளைகளின் கதையெல்லாம் எனக்கு அத்துபடி. ஒவ்வொன்றாக அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு நாளாக இருந்தால், “வாய மூடு, நல்ல வார்த்தையே வராதா உன் வாய்ல?” என்று திட்டியிருப்பார். அன்று கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டும், “இவ்ளோதான் நேரமா? இவ்ளோ நேரத்துல முடிஞ்சுடுமா?” என்று கேட்டார். எனக்கு யுகமாகப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அது கொஞ்ச நேரமாகத் தெரிந்திருக்கிறது.

டாக்டர் பச்சை உடுப்போடு வெளியே வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இறக்கித் தைத்தாகிவிட்டது, சாயங்காலம் கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம் என்றார். வீட்டுக்காரர் மருந்துச் சீட்டோடு கீழே ஓடினார். நான் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றிருந்தேன். அவர் திரும்பியபோது அண்ணன் கூப்பிட்டார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? இது எந்த வயசு வரிக்கும் செய்யலாம்?”

“உங்க பையனுக்குத்தான் முடிஞ்சுதேப்பா.”

“இவனுக்கு இல்ல சார். என்கூட லாரில ஒருத்தர் கீறாரு. அவருக்கும் ஒரு பக்கம் இப்டித்தான். வயசாயிடுச்சு. கண்ணாலமே வாணாம்னு இருந்துட்டாரு.”

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாகப் பதில் சொன்னார். “ஏம்ப்பா அப்படி? ஒரு பக்கம்தானே? இன்னொண்ணு நல்லா இருந்தா ஒண்ணும் தடையில்லையே. இப்படி இருக்கிற எத்தனையோ பேருக்குக் குழந்தை குட்டி இருக்கு. யாரையாவது ஒரு தடவை கேட்டிருக்கலாமே அவர்.” கொஞ்சம் நின்று, “வயசானதுக்கு அப்புறம் அதுல கட்டி வந்து கெட்டுப்போகவும் செய்யலாம். ஒருநாள் வந்து காட்டிட்டுப் போகச் சொல்லுங்க” என்றார்.

“சொல்றேன் சார். சும்மாதான் கேட்டேன்” என்றார் அண்ணன்.

லாரியில் அண்ணனோடு போவது ஒரு கிளீனர்தான். அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கும்பிட்ட கையை இறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நேரத்தில் உள்ளிருந்து நர்சம்மா என்னைக் கூப்பிட்டார். பையன் கண்ணை அரைகுறையாகத் திறந்திருந்தான். அவன் மூச்சு சரியாக வருகிறதா என்றுகூட முதலில் பார்க்கத் தோன்றவில்லை. என் வாழ்நாளில் நான் பார்க்க மறந்தது அந்த ஒருமுறைதான்.

பையன் நன்றாகத் தேறினான். தையல் ஆறியது. அடுத்த கோடையில் தெருப்பிள்ளைகளோடு ஆற்றோரம் ஓடினான். அண்ணனும் லாரியோடு வழக்கம்போல எங்கள் தெருவுக்கு வந்து போனார். “எப்ப கல்யாண சோறு?” என்று ஒருத்தி கேட்பாள். “வரிசைல நிக்கணுமா?” என்று அவர் கேட்பார். தெரு சிரிக்கும். நான் மட்டும் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அவர் போய்க் காட்டினாரா இல்லையா? ஒரு தங்கச்சி இதை எப்படிக் கேட்பாள்? கேட்க நினைத்து நாலைந்து முறை சாப்பாடு போட்டேன். ரசம் ஊற்றும்போது கேட்டுவிடலாம் என்று நினைப்பேன், மோர் ஊற்றும்போது கேட்கலாம் என்று தள்ளிப்போடுவேன். அவர் கை கழுவிவிட்டு, பிள்ளை தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவார்.

பல வருஷம் கழித்து அண்ணன் நெஞ்சுவலியில் போனார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவரைக் கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் கேட்டேன். “எதுக்கும் எதுக்கும்மா?” என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

போன ஆண்டு என் மகனுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. இப்போதெல்லாம் பிறந்த அன்றைக்கே குழந்தை டாக்டர் வந்து, தலையிலிருந்து கால்வரை பார்த்து, எழுதிவைத்துவிட்டுப் போகிறார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். நான் மறுபடி கேட்டேன். அவர் மறுபடி சொன்னார். வராந்தாவுக்கு வந்து மூன்றாம் முறையும் கேட்டேன். மகன் என் கையைப் பிடித்து இழுத்து பெஞ்சில் உட்காரவைத்தான். “இன்னாம்மா நீ, அவரு ஓடிடுவாரு போலக்கீது” என்று சிரித்தான். தன் இடுப்புத் தழும்பு குடலிறக்க ஆபரேஷனால் வந்தது என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த பெஞ்சில் வைத்து அவனுக்குச் சொன்னேன். அவனுடையதைச் சொன்னேன். பிறகு, அத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத அவன் மாமாவுடையதையும் சொன்னேன்.

அவன் மெதுவாக, “உங்கம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

எங்கள் அம்மாதான் அண்ணனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்தவள். தெரியாமல் இருந்திருக்குமா? வளர வளரச் சரியாகிவிடும் என்று அவளும் நினைத்திருப்பாளா? வாசலில் வந்து நின்று “எப்ப போறோம்?” என்று கேட்க அவளுக்கு யாரும் இல்லை. இருக்கும்வரை அவள் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் ஒன்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெண் வீட்டாரைப் பற்றிச் சொல்ல யாராவது வருவார்கள். அண்ணன் ஏதாவது ஒரு குறை சொல்லுவார். அப்பா கத்துவார், நான் கெஞ்சுவேன். அம்மா மட்டும், “அவனுக்கு இஷ்டமில்லன்னா வுட்ருங்க” என்பாள். அதைச் சொல்லும்போது அவள் எங்கள் யாரையும் பார்க்க மாட்டாள். எரிந்துகொண்டிருக்கிற அடுப்பையே ஊதிக்கொண்டிருப்பாள்.